பாலத்தின் கால்களில் உப்பு

பால் காய்ச்சும் பாத்திரத்தில் சாயத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

யாழினி அடுப்படிக்குள் கால் வைத்ததும் வாடை முகத்தில் அடித்தது. மட்கிய துணியையும் துருப்பிடித்த இரும்பையும் ஒன்றாகப் போட்டு வேகவைத்ததைப் போன்ற வாடை. சுரேந்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தீக்குச்சி கனமுள்ள மரச் சட்டங்களை இடுக்கியால் அந்தக் கறுப்புத் தண்ணீரில் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஊட்டுல வேற சட்டியே இல்லீங்களா?"

"இதுலதான் சட்டம் முழுசாப் படுக்குது. மத்ததெல்லாம் குட்டை."

"இனி அதுல எப்படிங்க பால் காச்சறது?"

"புளி போட்டு வெளக்கினா போயிரும்."

"நீங்களே வெளக்கி, நீங்களே அதுல காபி வச்சுக் குடிங்க. எனக்குக் கொமட்டுது."

அவன் சிரித்தான். ஒரு சட்டத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டினான். "தார் பூசின பழைய ரயில் கட்டையாட்டவே இருக்குதா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"இருக்குது, இருக்குது. போயித் தண்ணி வாத்துக்குங்க. ஊடே நாறுது."

சட்டங்களைச் செய்தித்தாளில் வரிசையாகக் காயப் போட்டுவிட்டு அவன் குளிக்கப் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வாளி நிறைந்து வழிகிற சத்தம் கேட்டது. அது வழிந்துகொண்டே இருந்தது. அவள் கதவைத் தட்டினாள். பிறகு பலமாகத் தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து தாழ்ப்பாளை உடைத்தார். மாரடைப்பு, கொண்டுவருவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அவனுக்கு நாற்பத்தாறு வயது.

குளிர்பெட்டிக்குள் கிடத்தி மாலை போட்ட பிறகுதான் விரல்கள் கண்ணில் பட்டன. நகக்கண்களிலெல்லாம் கறுப்பு. சுரேந்தரின் அண்ணன் மனைவி பூவாத்தாள், "வர்றவங்க என்ன நெனைப்பாங்க, அசிங்கமா இருக்குது," என்று எலுமிச்சம்பழம் வாங்கிவரச் சொன்னாள். பெட்டியைத் திறந்து, பாதி அறுத்த பழத்தை வைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். பாத்திரம் துலக்குவதைப் போலத் தேய்த்தாள். சாயம் போகவில்லை. எலுமிச்சைச் சாறு மாலையில் சொட்டியது. யாழினி சுவரில் தலை சாய்த்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகைக்கு முன்னால் வந்தது அருவருப்புதான். அன்று வந்தது பிறகு வெகுநாள் போகவில்லை.

மாடி அறை முழுக்கச் சுரேந்தரின் ரயில்தான். பனியன் ஆர்டர் விஷயமாக ஒருமுறை ஜெர்மனிக்குப் போனவன், திரும்பும்போது ஒரு சின்ன ரயில் எஞ்சினும் நாலு பெட்டியும் தண்டவாளமும் வாங்கிவந்தான். கடையில் வாங்கியது அவ்வளவுதான். மலை, குகை, ஸ்டேஷன், சிக்னல் எல்லாம் அவன் கையால் செய்தவை. மூன்று சுவரை ஒட்டி இடுப்புயரத்துக்குப் பலகை அடித்து, அதன்மேல் ஒரு ஊரையே உட்காரவைத்திருந்தான். பாலங்கள் என்றால் அவனுக்குத் தனி ஆசை. கம்பெனிக்குப் பின்னல் மெஷின் வந்து இறங்கும் பைன் மரப் பெட்டிகளை வாங்கிவந்து, ரம்பத்தில் மெல்லிசாக அறுத்துக்கொள்வான். பாலத்தின் ஒரு காலைத் தாளில் வரைந்து, அதன்மேல் பனியன் போட்டு விற்கும் பாலிதீன் உறையை விரித்து, உறைக்கு மேலே கோட்டுக்குக் கோடு சட்டங்களை அடுக்கிக் குண்டூசி குத்திப் பசை வைப்பான். பசை உறையில் ஒட்டாது. காய்ந்ததும் கால் தனியாக எழுந்து வரும். அவன் ஒட்டிக்கொண்டிருக்கும்போது யாழினி பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடம் எடுத்தவள்.

கடைசியாகச் செய்தது பெரிய பாலம், கை நீளத்துக்கு; அதில் சில சட்டங்கள்தான் பாக்கி. மற்ற பாலங்களுக்கு டீத்தூளில் நிறம் ஏற்றியவன், இதற்கு அது போதாது என்று சாயத்தண்ணீரைப் பிடித்தான். அண்ணன் செங்கோட்டையனின் சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கும் முனீஸ் கேனில் கொண்டுவந்து கொடுப்பார். பாலம் உட்கார வேண்டிய இடத்தில் பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவே பள்ளம், பள்ளத்தில் ஆறு. தண்டவாளம் இந்தக் கரையில் முடிந்து அந்தக் கரையில் தொடங்கியது.

அந்த ஆற்றைத்தான் அவன் யாழினியைத் தவிர யாருக்கும் தெரியாமல் செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடும் ஆற்றின் மேலுள்ள பாலத்தில் போய் நின்று பார்ப்பான். வந்து, கண்ணாடிபோல இறுகும் ரெசினில் அன்றைக்குப் பார்த்த நிறத்தைக் கலந்து ஒரு பூச்சு ஊற்றுவான். ஒரு வாரம் கத்திரிப்பூ. ஒரு வாரம் செங்கல். மழை வந்த வாரங்களில் பெரும்பாலும் கறுப்பு. கேக்கை வெட்டி வைத்ததைப் போல, பலகையின் முன்விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரியும்.

"ஆத்துல ஒரு மீன் வைக்கலாமல்லோ," என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?" என்றான்.

காரியத்துக்கு வந்த உறவுகள், கீழே இடம் போதாமல் மாடிக்குப் போனார்கள். எல்லாம் முடிந்து யாழினி மேலே ஏறிப் பார்த்தபோது, ஸ்டேஷன் கூரையில் காப்பி குடித்த பேப்பர் கப்புகள் ஒன்றின்மேல் ஒன்று செருகி நின்றன. குகைக்குள் வடைத் துண்டு. எண்ணெய் ஊறி மலையின் பச்சை கறுத்திருந்தது. ஆற்றில் யாரோ பாக்கு எச்சில் துப்பியிருந்தார்கள். அது நிறத்தோடு நிறமாகக் கலந்து, குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. மாடிப்படியில் யாரோ ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது: "புள்ளை இருந்திருந்தா அதோட வெளையாண்டிருப்பான். இல்லாததுக்கு ரயிலு." கேட்டவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

யாழினி ஈரத்துணியால் ஆற்றைத் துடைத்தாள். துணியை அலசவில்லை, குப்பையில் போட்டாள். பெரிய பாலம் மட்டும் அலமாரி மேல் பத்திரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று தோன்றியது. இந்த ஆறு இப்படியே இருக்க வேண்டும், இந்தப் பாலம் இதன்மேல் உட்கார வேண்டும், ரயில் ஒருமுறையாவது அந்தக் கரைக்குப் போக வேண்டும். அதைத் தவிர அவளுக்கு யாரிடமும் கேட்க எதுவுமில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் செங்கோட்டையன் வந்தார். மாடிக்குப் போக வேண்டும் என்றார். அவர் அதுவரை அங்கே ஏறியதே இல்லை. அறை நடுவில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"இத்தனையும் பண்ணியிருக்கறான். எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே அம்மிணி. வெளையாட்டுச் சாமானம்னு நெனச்சுட்டனே."

யாழினிக்கும் கண் நிறைந்தது. அந்த வீட்டில் அதைப் பார்த்து அழுத முதல் ஆள் அவர்தான்.

பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். வெளிநாட்டிலிருந்து பனியன் வாங்கும் பையர்கள் வருகிறார்கள். புதுசாகப் பெரிய ஆர்டர். சுற்றுச்சூழல் அது இது என்று ஆயிரம் கேட்கிறவர்கள். ஓட்டல் சாப்பாட்டை விட வீட்டுச் சாப்பாடு என்றால் அவர்களுக்குப் பிடிக்கும். "இங்கயே ஊட்டுச் சாப்பாடு போட்டு, மேல கூட்டிட்டு வந்து தம்பி செஞ்சதக் காட்டலாம். அவம் பேர் வெளிநாடு வரைக்கும் போவட்டும். பாலத்தையும் உக்கார வச்சு ரயில ஓட உட்டரலாம். நான் ஆளு அனுப்பறேன்."

அவள் சரி என்றாள். அன்றைக்கு அவளுக்கு அவர்மேல் மரியாதையாகவே இருந்தது.

சந்தைக்குப் போய்விட்டு வந்த ஒரு காலையில் வாசல் கதவு திறந்திருந்தது. பூவாத்தாளிடம் எப்போதும் ஒரு சாவி உண்டு. படியிலேயே பெயிண்ட் வாடை. யாழினி காய்கறிப் பையோடு மாடிக்குப் போனாள்.

கம்பெனிச் சுவருக்கு அடிக்கிற பெயிண்டர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆறு நீலமாக இருந்தது. பள்ளிக்கூட வாளிகளுக்கு அடிப்பார்களே, அந்த நீலம். விளிம்பில் தெரிந்த அடுக்குகளையும் விடவில்லை, அதன்மேலும் இழுத்திருந்தார். ஓரத்தில் வெள்ளையாக நுரைகூடப் போட்டாகிவிட்டது. பூவாத்தாள் பிளாஸ்டிக் வாத்து இரண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே ஒட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வா யாழினி. இப்பத்தான் கண்ணுக்கு லட்சணமா இருக்குது."

செங்கோட்டையன் திரும்பினார். "ஆறெல்லாம் என்னமோ சேறு புடிச்சாப்பல கெடந்துது அம்மிணி. தம்பி முடிக்காம உட்டுட்டான் போல."

"அது முடிச்சதுங்க மாமா."

"முடிச்சதா? ஆறுன்னா அப்படியா இருக்கும்?"

"எந்த ஆறுங்க?"

அவர் பெயிண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். பூவாத்தாள்தான் சொன்னாள்: "பொம்மை ஆத்துக்கு இத்தன கேள்வியா? வெள்ளக்காரங்க வந்து கறுப்பாத் தண்ணியப் பாத்தா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

யாழினி பையைக் கீழே வைத்தாள். நாக்கில் பெயிண்ட் ருசி தட்டியது. எலுமிச்சம்பழம் ஞாபகம் வந்தது.

பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, செங்கோட்டையன் அலமாரி மேலிருந்த பெரிய பாலத்தைத் தூக்கினார். இரண்டு கையாலும், பிறந்த குழந்தையைத் தூக்குவதைப் போலத்தான் தூக்கினார். தூக்கியவர் நின்றார். கால்களிலெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. கறுத்த மரத்தில் மாவு தெளித்த மாதிரி. ஒரு குறுக்குச் சட்டம் பசை விட்டுத் தொங்கியது.

அவர் பாலத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெள்ளையை விரலால் தேய்த்தார். விரலை நாக்கில் வைத்தார். சாயப்பட்டறையில் பழைய ஆட்களுக்கு அது பழக்கம். தொட்டியில் உப்பு போதுமா என்று நாக்கிலேயே பார்த்துவிடுவார்கள். முதலாளியாகி, கருவியெல்லாம் வாங்கி வைத்த பிறகும் அவரிடம் அது போகவில்லை.

"உப்பு," என்றார். "சோப்பிங் பண்ணாமயே உட்டுட்டான் பாரு. சாயத்துல போட்டு எடுத்தா சோப்புத் தண்ணில சுடச்சுட அலசோணும். இல்லீன்னா ஈரக்காத்து பட்டதும் உப்பு வெளிய வந்துரும். சாயக்காரன் தம்பி, இதுகூடத் தெரியல." அவர் குரலில் செல்லம் இருந்தது. இன்னொரு காலைத் தொட்டு மறுபடி நாக்கில் வைத்தார். கண்ணை மூடித் திறந்தார். "சாயத்துக்குப் போடற சோடாவும் இருக்குது. இது நம்ம கறுப்புதான். நம்ம பின்னால உடற தண்ணி. யாரு கொண்டுவந்து குடுத்தது, முனீசா?"

பெயிண்டர் தலையைத் தூக்காமல் பிரஷ்ஷைத் தகர டப்பாவில் வழித்தார்.

"பின்னாலன்னா எங்கீங்க மாமா?"

செங்கோட்டையன் அவளைப் பார்த்தார். சொன்னது என்ன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "மழை வந்தா எல்லாரும் உடறதுதான் அம்மிணி. சுத்தம் பண்ற தொட்டி நெறஞ்சு போயிருது. நான் ஒருத்தன் நிறுத்தினா ஆறு வெளுத்துருமா?" விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "இதக் கழுவி எடுத்தா நல்லா வரும். ஆளு உட்டு அலசச் சொல்றேன்."

மருத்துவமனையில் துணியை விலக்கியபோது தம்பியின் முகத்தை அடையாளம் சொல்ல இவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை யாழினி நினைத்துக்கொண்டாள். இரண்டுமுறை கேட்டார்கள். இந்தத் தண்ணீரை நாக்கில் பட்டதும் சொல்லிவிட்டார். அவர் அன்றைக்கு இந்த அறையில் அழுதது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் துப்பிவிட்டுப் போய்விடலாம்.

"மாமா, பாலத்த வச்சுருங்க."

"ஏன்?"

"பையருங்களுக்குச் சோறு வேணா நான் ஆக்கறனுங்க. மேல யாரும் வர வேண்டாமுங்க."

"என்ன பேசற அம்மிணி? தம்பி பேருக்குத்தான்..."

"அவரு ஊத்துன ஆறு இது இல்லீங்க. இதக் காட்டி அவரு பேரச் சொல்ல வேண்டாமுங்க."

"இது என்ற தம்பி ஊடு."

"ஆமாங்க. அதுனாலதான் சொல்றனுங்க."

பூவாத்தாள் வாத்துகளைப் பலகையில் எறிந்தாள். "கறுப்புத் தண்ணிக்காக ஒறவ முறிச்சுக்கறவள இப்பத்தான் பாக்கறேன். உன்ற புருசன் உடுத்தினது, தின்னது எல்லாம் அந்தத் தண்ணிலதான் வந்துது, தெரிஞ்சுக்க."

"தெரியுமுங்க அக்கா. அவருக்கும் தெரியும்."

பூவாத்தாளிடம் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கேட்பது கஷ்டமாக இருந்தது. கை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர்கள் போன பிறகு காய்கறிப் பையை எடுக்க மறந்து கீழே இறங்கி, மறுபடி ஏறினாள்.

பையர்களை ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். ஆர்டரும் கிடைத்ததாம்.

அந்த வார இறுதியில் முனீஸ் வந்தார். சாத்தூர்ப் பக்கத்து ஆள். பத்துப் பதினைந்து வருஷம் திருப்பூரில் இருந்தும் பேச்சு மாறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"என்னய வேலைய விட்டு அனுப்பிட்டாகக்கா."

"என்னால உங்களுக்கு..."

"அட விடுங்க. பாய்லர் பாக்குறவனுக்கு இந்த ஊருல வேலைக்கா பஞ்சம்? அடுத்த பட்டறையிலயே சேந்துட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அங்கயும் பின்னால ஒரு குழாய் இருக்குக்கா," என்றார்.

அவள் மாடிக்குக் கூட்டிப்போனாள். நீல ஆற்றைக் குனிந்து முனீஸ் விரலால் சுரண்டிப் பார்த்தார். "பிள்ளையார் கரைக்கிற எடம் மாதிரி இருக்கு," என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தனை நாளில் முதல் சிரிப்பு.

பெயிண்டைக் கரைக்கும் தின்னர் வாங்கிவந்து துடைத்தார்கள். நீலம் கரைந்தது. கூடவே ரெசினின் மேல்பூச்சும் கரைந்தது. கடைசி ஞாயிற்றுக்கிழமையின் கறுப்பு நீலத்தோடு குழைந்து, வழவழப்புப் போய், ஆறு முழுக்க ஒரு சாம்பல் படலம் படிந்துவிட்டது. அங்கங்கே பஞ்சு ஒட்டிக்கொண்டது. விளிம்பில் மட்டும், விடாமல் சுரண்டியதில், அடுக்குகள் மங்கலாகத் திரும்பித் தெரிந்தன. யாழினி பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவன் ஊற்றியது இனி வராது.

"இப்பத்தாங்க்கா நெசமா ஆறு மாதிரி இருக்கு," என்றார் முனீஸ். ஆறுதலுக்குச் சொன்னாரா, கண்ணால் பார்த்ததைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

பிறகு பாலத்தை அலசினார்கள். பெரிய அண்டாவில் தண்ணீரைச் சுடவைத்துச் சோப்புப் போட்டு, கால் காலாகப் பிரித்து முக்கினார் முனீஸ்; சுடுதண்ணீரில் பசை விட்டுச் சட்டங்கள் தனித்தனியாகக் கழன்றன. உப்புப் போகும் வரை தண்ணீர் மாற்ற வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கறுத்தது. அதே வாடை மறுபடி வீட்டை நிறைத்தது. அவளுக்குக் குமட்டவில்லை. கையை உள்ளே விட்டு ஒவ்வொரு சட்டமாகத் தேய்த்தாள்.

"இந்தத் தண்ணிய எங்கீங்க ஊத்தறது?"

முனீஸ் அவளைப் பார்த்தார். "சாக்கடையிலதாங்க்கா. வேற எங்க?"

தெருச் சாக்கடை எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியும். தோட்டம் இல்லை, மண் இல்லை, வாசலெல்லாம் சிமெண்ட். அண்டாவை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிப்போய்க் கவிழ்த்தார்கள். கறுப்பாக நுரைத்துக்கொண்டு ஓடியது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடினாள். யாழினி அவள் கண்ணைப் பார்க்கவில்லை. உள்ளே வந்து கையைக் கழுவினாள். மறுபடி கழுவினாள். தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு அருவருப்பு அதற்கு முன்பு வந்ததில்லை. செங்கோட்டையன் வேட்டியில் துடைத்த விரலும் தன் விரலும் ஒன்றுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதையும் சோப்புப் போட்டுக் கழுவ முடியவில்லை.

சட்டங்கள் காய்ந்த பிறகு, பாலிதீன் உறையை விரித்து, அவன் வரைந்த கோட்டின்மேல் அவளே அடுக்கினாள். குண்டூசி குத்தத் தெரிந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுதானே. கடைசி நாள் காலை அவன் காயப் போட்டுப்போன சட்டங்களும் சேர்ந்தன. முனீஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, பசை இறுகும் வரை பிடித்துக்கொண்டார். அவள் வாசிக்கவில்லை. அவர் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் பாலத்தை உட்காரவைத்தார்கள். இரண்டு கரையிலும் முனைகள் சரியாகப் பொருந்தின. தண்டவாளத்தை இணைக்கும் சின்னத் தகடுகளைக் குறட்டால் தள்ளி மாட்டினாள். முனீஸ் வயர்களைப் பார்த்து, "இது நம்ம பாய்லர் மாதிரி வெடிக்காதுல்ல?" என்றார். சுவிட்சை அவள்தான் போட்டாள். எஞ்சின் ஸ்டேஷனிலிருந்து கிளம்பிக் குகைக்குள் போய் வெளியே வந்து, பாலத்தில் ஏறி, சாம்பல் ஆற்றைத் தாண்டி, அந்தக் கரைக்குப் போனது. முனீஸ் கை தட்டப்போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பூவாத்தாள் பொங்கலுக்குப் போன் செய்து எலுமிச்சை ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டாள். யாழினி வேண்டாம் என்றாள். செங்கோட்டையன் வரவில்லை.

மழை வந்த மறுநாள் யாழினி சில சமயம் மாடிக்குப் போய் ரயிலை ஓட விடுவாள். ஒருநாள் கன்னத்தைப் பலகையில் வைத்து, ஆற்றின் மட்டத்திலிருந்து பார்த்தாள். தின்னர் தின்ற இடமோ, கழுவியதில் மரம் சுருங்கியதோ, கரையிலிருந்து மூன்றாவது கால் ஆற்றைத் தொடவில்லை. அடியில் ஒரு பனியன் லேபிள் நுழையும் அளவுக்கு இடைவெளி. ரயில் மேலே போகும்போதும் அந்தக் கால் தொடுவதில்லை.